வயிறு நிறைகிறது, ரத்தம் ஏன் குறைகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் வேலை, வயது 34, எடை 52 கிலோ, எட்டு வயதில் ஒரு மகள். காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பாரோடு ஒரு பொரியல், ராத்திரி மறுபடியும் சாதமும் ரசமும். நடுவில் இரண்டு டீ. மூன்று வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறாராம். ஆனாலும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, "சத்தா சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். "சத்து சத்து என்கிறார்களே, அது என்னென்ன, எது எதற்கு, நாங்கள் சாப்பிடுவதில் எது இல்லை?" என்பது அவருடைய கேள்வி. மாமியார் தினமும் பீட்ரூட் ஜூஸ் தருகிறார், கணவர் ஒரு ஹெல்த் டிரிங்க் டப்பா வாங்கி வந்திருக்கிறார், இவை போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

சத்துகளின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்தவர்கள்தான். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு, அப்புறம் நார்ச்சத்தும் தண்ணீரும். அந்தப் பட்டியலை நான் திரும்பச் சொன்னால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. வயிறு நிறைந்தும் உடம்பு ஏன் காய்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. இருபது வருடங்களுக்கு மேலாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன், அதில் பாதிக் காலம் அரசு மருத்துவமனையில். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தட்டிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: நேரில் பார்க்காமல், மற்ற பரிசோதனைகளும் கையில் இல்லாமல், உங்கள் ரத்தக் குறைவுக்குக் காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாப்பாட்டில் என்ன குறைகிறது என்பதைச் சொல்ல முடியும்.

நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதியத்துக்கு 125 கிராம், ராத்திரிக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், இட்லி, எண்ணெய், தேங்காய், டீயில் போடும் பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 1500 கலோரி வருகிறது. நாள் முழுக்கக் கைவேலை செய்யும் உங்களுக்கு அது கொஞ்சம் குறைவுதான், ஆனால் பட்டினி என்று சொல்ல முடியாது. அதில் பாதிக்கு மேல் அரிசி ஒன்றிலிருந்தே வருகிறது. விஷயம் இங்கேதான் இருக்கிறது. வயிறு நிறைந்ததா என்பதைச் சோற்றின் பரிமாணம் சொல்லிவிடும். ரத்தத்துக்கும் தசைக்கும் எலும்புக்கும் வேண்டியது வந்ததா என்பதை வயிற்றால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பசி கிடையாது. இரும்புச்சத்து குறைந்தால் இரும்புப் பசி எடுப்பதில்லை. சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ்கட்டி தின்னத் தோன்றும், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது கெட்ட பழக்கம் அல்ல, ரத்தக் குறைவோடு சேர்ந்து வரும் ஒரு அறிகுறி.

மாவுச்சத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது உங்களுக்குக் குறையவில்லை. சோறும் இட்லியும் செரித்துக் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. மூளை மட்டுமே நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9. அதனால்தான் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் எடை ஏறுகிறது. கொழுப்பை எதிரியாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் இப்போது அதிகம். ஆனால் நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் குடலிலிருந்து உள்ளே போகும். கீரையை எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிட்டால், அதில் இருக்கும் கரோட்டினில் பெரும்பங்கு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். பாட்டி கீரைக் கடைசலில் ஒரு கரண்டி எண்ணெய் தாளித்துக் கொட்டியது ருசிக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது புரதம். குறை இங்கே தொடங்குகிறது. தசை, தோல், முடி, செரிமானத்துக்கான நொதிகள், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள், ஹீமோகுளோபினில் இருக்கும் குளோபின், எல்லாமே புரதம்தான். இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்து உடம்பு இவற்றைக் கட்டுகிறது. அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேமித்து வைக்கும் கிடங்கும் உடம்பில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அளவுப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 52 கிலோவுக்கு அது 43 கிராம். நீங்கள் சாப்பிடுவதில் எனக்குக் கிடைத்த கணக்கு 32 கிராம் அளவில் நிற்கிறது. அதிலும் 20 கிராம் அரிசியிலிருந்தே வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. இட்லியில் உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் வெறும் பழக்கத்தால் வந்து உட்காரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"நாங்கள் தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே" என்பீர்கள். கேட்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சாம்பார் இருக்கிறது, அதில் பருப்பு எவ்வளவு? நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு வேளைக்கு 60 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 15 கிராம். அதில் இருக்கும் புரதம் 3 கிராம் சொச்சம். விலை ஏறினால் பருப்பு குறைந்து தண்ணீர் கூடும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சாம்பார் ஊற்றினேன், புரதம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உங்களுக்கு வேண்டிய மீதி 11 கிராமுக்குப் பவுடர் டப்பா தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். 30 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னொரு 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 6, 7 கிராம். இவற்றில் ஏதாவது இரண்டு தினமும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

கணவர் வாங்கி வந்த டப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அக்கறையோடுதான் வாங்கியிருக்கிறார். டப்பாவின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். இந்த வகைப் பவுடர்களில் பெரும்பாலானவை முளைகட்டிய தானிய மாவும் சர்க்கரையும் கொஞ்சம் வைட்டமின் கலவையும்தான். இரண்டு ஸ்பூனில் ஒரு முட்டையின் பாதிப் புரதம்கூட அநேகமாக இருக்காது. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை, அந்தப் பெயரில் இவற்றை வைத்து விற்கக் கூடாது என்றது. வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம், பாலில் கலந்து குடித்து முடித்துவிடுங்கள். அடுத்த டப்பாவுக்கு வைத்திருக்கும் காசில் முட்டை வாங்குங்கள்.

இனி வைட்டமின்கள். மாமியார் புழுங்கல் அரிசிதான் நல்லது என்று பிடிவாதமாக இருப்பதாகவும், உங்களுக்குப் பச்சரிசிதான் பிடிக்கும் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியவந்த கதை இந்த அரிசி விஷயத்தோடு பின்னிக் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி ஆலைகள் வந்தபோது அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்ட முடிந்தது. அதோடு சேர்ந்து பெரிபெரி நோய் கிழக்காசியா முழுக்கப் பரவியது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நிற்கும். கிருமிதான் காரணம் என்று நினைத்து டச்சு அரசு ஜாவாவுக்கு ஆராய்ச்சியாளர்களை அனுப்பியது. அங்கே எய்க்மன் என்ற மருத்துவர் வளர்த்த கோழிகளுக்கு அதே மாதிரிக் கால் விழுந்தது. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்றார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, எழுந்து நடந்தன. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்று எய்க்மன் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901இல் அதைத் திருப்பிப் போட்டார். விஷம் ஒன்றும் இல்லை, தவிட்டோடு சேர்ந்து உடம்புக்குத் தேவையான ஒன்று போய்விடுகிறது என்றார்.

அதே காலத்தில் மலாயாவின் தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே மலாயாவில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. சம்பளம் குறைவு, குடியிருப்பு மோசம், சாப்பாடும் வறிய சாப்பாடுதான். அங்கே பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1907இல் ஒரு பெரிய புத்தகமே எழுதி, வித்தியாசம் அரிசியில்தான் இருக்கிறது என்றார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து இதைச் சோதித்தும் பார்த்தார். பெரிபெரி பச்சரிசி சாப்பிட்ட பிரிவில்தான் வந்தது. காரணம் இப்போது தெளிவாகத் தெரியும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. உங்கள் மாமியார் சொல்வதற்கு இவ்வளவு பெரிய ஆதாரம் இருக்கிறது. உயிருக்கு அவசியமான அந்தப் பொருள்களுக்கு 1912இல் ஃபங்க் என்பவர் வைத்த பெயர்தான் பின்னால் வைட்டமின் ஆனது.

இதே பெரிபெரியை ஆராய 1918இல் மக்கேரிசன் என்ற மருத்துவர் நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மேலே சொன்ன 0.83 கிராம் கணக்கும், கீழே நான் சொல்லப்போகும் இரும்புக் கணக்கும் அங்கே தயாரானவை.

சமைக்கும் விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. தயமின் தண்ணீரில் கரையும். அரிசியை ஐந்து தடவை கசக்கிக் கழுவி, பிறகு கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்த தலைமுறைக்கு ஒரு பகுதியாவது திரும்பக் கிடைத்தது. நீங்கள் இரண்டு தடவை மட்டும் கழுவி, அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவைத்தால் போதும். ரேஷன் அரிசியில் நடுவே வேறு நிறத்தில், சில சமயம் மிதக்கும் அரிசிமணிகளைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்து அச்சில் வார்த்த செறிவூட்டிய மணிகள் அவை. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். இதனால் ரத்தச்சோகை எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பிளாஸ்டிக் இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது.

இப்போது உங்கள் 9.2க்கு வருவோம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். இந்தக் குறைவு உங்களுக்கு மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தச்சோகை இருக்கிறது. இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் இல்லை. அதுதான் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டுபோகிறது. அது குறைந்தால் படி ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்புதான், இருக்கிற கொஞ்ச வண்டியை வைத்து இதயம் அதிக நடை அடிக்கிறது. உடம்பு இரும்பை மிகச் சிக்கனமாக வைத்துக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து அழியும், அதிலிருக்கும் இரும்பை எடுத்து அடுத்த அணுவுக்குக் கொடுத்துவிடும். ஒரு ஆணுக்கு நாளுக்கு 1 மில்லிகிராம்தான் இழப்பு. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு அதைவிட அதிகம். உதிரம் அதிகம் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

அப்படியானால் 1, 2 மில்லிகிராம் சாப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நாம் சாப்பிடும் இரும்பில் மிகச் சிறிய பங்குதான் குடலைத் தாண்டி உள்ளே போகிறது. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் தட்டில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூடக் கிடையாது. சாம்பார், சட்னி, பொரியல் எல்லாம் கூட்டினாலும் 7 மில்லிகிராமைத் தாண்டுவது கடினம். 29க்கு 7. வயிறு நிறைந்தும் ரத்தம் குறைவதற்கு என்னால் காட்ட முடிந்த மிகத் தெளிவான கணக்கு இதுதான்.

பீட்ரூட்டைப் பற்றி மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை அது. அந்தச் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம் அளவுக்குள்தான், மாதுளையில் அதைவிடவும் குறைவு. இரண்டும் நல்ல உணவுதான், ஃபோலேட் என்ற பி வைட்டமின் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் இந்த வேலையை அவற்றிடம் கொடுக்க முடியாது. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கொள்ளு, கம்பு, எள் ஆகியவற்றில் உண்மையிலேயே இரும்பு உண்டு. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) எல்லாவற்றுக்கும் மேல். ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடு என்று கிராமத்தில் சொல்வார்களே, அது முழுக்கச் சரி. இறைச்சியில் இருக்கும் இரும்பு வேறு வடிவத்தில் இருப்பதால் பல மடங்கு எளிதாக உள்ளே போகும். கர்ப்பமாக இருந்தால் மட்டும் ஈரலை டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பது போலவே எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டின் இரும்பில் பாதிக்கும் மேல் டீயின் டானினோடு சேர்ந்து வீணாகும். கம்பெனி டீ வேளையை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடப் பாருங்கள். வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். கீரையோ சுண்டலோ சாப்பிடும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டாலும், கூட ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ சாப்பிட்டாலும், அதே இரும்பு கூடுதலாக உள்ளே போகும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி அழிந்துபோகும். இட்லி மாவு புளிக்கும்போதும் பயறு முளைகட்டும்போதும் ஃபைட்டேட் குறைகிறது, அதுவும் நல்லது. பழைய சோற்றில் ஒரு ராத்திரியில் இரும்பு இருபது மடங்கு பெருகுகிறது என்று ஒரு செய்தி கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். நொதித்தலால் அதை உண்டாக்க முடியாது, கட்டுண்டு கிடக்கும் இரும்பைக் கொஞ்சம் விடுவிக்க மட்டுமே முடியும். அரிசியில் இல்லாத இரும்பு சோற்றுப்பானையில் எங்கிருந்து வரும்? பழைய சோறு நல்ல சாப்பாடு, நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

ரத்தம் கட்ட இரும்பு மட்டும் போதாது. ஃபோலேட்டும் பி12உம் இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் சரியாகப் பிரிந்து பெருகாது, பெரிதாகவும் அரைகுறையாகவும் வரும். ஃபோலேட் கீரையிலும் பயறிலும் உண்டு. பி12 பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் பால், தயிரையும் குறைத்துவிட்டால் அதற்கு வழியே இல்லை. கை கால் மரத்துப் போவதும் ஞாபகம் மங்குவதும் வயதால் என்று விட்டுவிட்டவர்களில் சிலருக்குப் பரிசோதித்தால் பி12 அடிமட்டத்தில் இருக்கும். சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் பி12 இருப்பதாக விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோன்றும், ஆனால் நம் உடம்புக்குப் பயன்படாத வேறு ஒரு பொருள். இது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம்.

மற்ற சத்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை முக்கியமில்லை என்பதால் அல்ல. கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி 1 சதவீதம் தசை சுருங்கவும் இதயம் துடிக்கவும் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்து அதை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்கும் 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கும் உண்டு. கேழ்வரகிலிருப்பது பாலிலிருப்பது போல எளிதாக உள்ளே போகாது, ஆனாலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு கால்சியம் வேறு எந்தத் தானியத்திலும் இல்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் அதுவும் கால்சியம்தான். கால்சியம் உள்ளே போக வைட்டமின் டி வேண்டும், அது வெயிலில் தோலில் உண்டாவது. ஷெட்டுக்குள்ளேயே பகல் முழுக்க இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் எந்த அளவுக்குக் கீழே போனால் குறைபாடு என்பதில் நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பரிசோதனைத் தாளில் ஒரு எண் சிவப்பாக அச்சடித்து வந்ததும் பயந்து நீங்களாகவே ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

அயோடின் தைராய்டு சுரப்பிக்கு. நாளுக்கு 150 மைக்ரோகிராம் என்ற துளி அளவுதான் வேண்டும், ஆனால் கருவில் இருக்கும் குழந்தையின் மூளை அதை நம்பித்தான் வளர்கிறது. அயோடின் கலந்த உப்பு அதைக் கொடுத்துவிடுகிறது. சமீபமாக எல்லோரும் இந்துப்புக்கு மாறுகிறார்கள். பெரும்பாலான இந்துப்பில் அயோடின் கலந்திருப்பதில்லை, பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். வைட்டமின் ஏ உங்கள் எட்டு வயது மகளுக்கு இன்னும் முக்கியம். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரைப் பொருள் அதிலிருந்துதான் உண்டாகிறது, குறைந்தால் மாலைக்கண் வரும். பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், கேரட், முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் அதற்கான கரோட்டின் உண்டு. அவள் பள்ளியில் சத்துணவு முட்டையைச் சாப்பிடாமல் வருகிறாளா என்று மட்டும் விசாரியுங்கள். சில வீடுகளில் "சூடு" என்று சொல்லித் தடுத்துவிடுகிறார்கள், அந்தப் பயத்துக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 9.2 என்ற நிலையிலிருந்து சாப்பாட்டால் மட்டும் மேலே வருவது மிக மெதுவாக நடக்கும், பலருக்கு நடக்காமலும் போகும். சாப்பாடு மறுபடி குறையாமல் காப்பதற்கு, மாத்திரை இப்போது ஏற்றுவதற்கு. மலம் கறுத்துப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை இரும்பு மாத்திரையாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ மாற்றித் தர வழி இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு நன்றாக இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் அதுவே சரி என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் நீங்களாக மாற்ற வேண்டாம். டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து இரும்பு மாத்திரையை விழுங்க வேண்டாம்.

இந்தியாவில் ரத்தச்சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதும் இப்போது தெளிவாகி வருகிறது. பி12 குறைவு, ஃபோலேட் குறைவு, கொக்கிப்புழு, மூலத்தில் ரத்தக் கசிவு, பிறவியிலேயே வரும் தலசீமியா வகைகள், நாள்பட்ட தொற்று என்று பல காரணங்கள் உண்டு. எனவே அடுத்த முறை போகும்போது மூன்று விஷயங்களை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பது ஒன்று. மலத்தில் ரத்தம் போகிறதா என்பது இன்னொன்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவா என்பது மூன்றாவது. பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பெண்கள் உதிரப்போக்கைப் பற்றி ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் குடத்தில் ஊற்றுகிறோம், அடியில் ஓட்டை இருக்கிறது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். அப்போது ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏறவில்லை என்றால் காரணம் வேறு என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏறி 12ஐத் தொட்டுவிட்டால் மூச்சு வாங்குவதும் நின்றுவிடும், மாத்திரையை மறந்துவிடத் தோன்றும். அப்போது நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் ஏறிய பிறகுதான் ஈரலிலும் மஜ்ஜையிலும் இருக்கும் இருப்பு நிரம்பத் தொடங்குகிறது. அதற்கு இன்னும் மூன்று மாதம் ஆகும்.